பெரியாறு வழக்கும் எல்லை தாண்டிய நீதிபதிகளும்

கூடலூரிலும் கம்பத்திலும் முதல் போகத்துக்கு நாற்று விடும் காலம் நெருங்கினால் விவசாயிகள் ஒருவரை ஒருவர் கேட்கும் முதல் கேள்வி, பெரியாறு அணையில் எத்தனை அடி நிற்கிறது என்பதுதான். 136, 142, 152 என்ற மூன்று எண்களும் இந்தப் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக்கையும் இங்கே யாரும் மறக்கவில்லை. லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள், பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள். பொறியாளருக்குச் செய்ய வேண்டிய மரியாதையைக் கம்பம் பள்ளத்தாக்கு குறைவில்லாமல் செய்துவிட்டது.

ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளாக இந்தத் தண்ணீரின் உயரத்தை முடிவு செய்தவர்கள் நீதிபதிகள். அவர்கள் யார், எந்த ஊரில் பிறந்து எந்தெந்த நீதிமன்றங்களில் உட்கார்ந்துவிட்டு இந்த வழக்குக்கு வந்தார்கள் என்பது பற்றித் தமிழில் அநேகமாக யாரும் எழுதவில்லை. தீர்ப்பு சாதகமா பாதகமா என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டு மாநிலங்களுக்கு நடுவே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எப்படிப்பட்ட நீதிபதி வேண்டும் என்ற கேள்விக்கு, இந்தியாவில் வேறெந்த வழக்கையும்விட முல்லைப் பெரியாறு வழக்கு நல்ல விடை வைத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அந்த விடை தீர்ப்புகளில் எவ்வளவு இருக்கிறதோ, அவற்றை எழுதியவர்களின் வாழ்க்கையிலும் அவ்வளவு இருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் 999 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டன. 8,000 ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணை 1895-ல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய ஆறு மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. அங்கிருந்து வைகை அணைக்குப் போய் மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரை அது பாய்கிறது.

இந்தத் தண்ணீர் முதன்முதலில் நீதிபதிகளிடம் போனபோது அணையின் பாதுகாப்பு பற்றிப் பேச்சே எழவில்லை. மலையிலிருந்து இறங்கும் நீரில் மின்சாரம் எடுக்க சென்னை அரசு விரும்பியது. குத்தகை பாசனத்துக்கு மட்டும்தான் என்றது திருவிதாங்கூர். சென்னை தரப்பில் சர் டேவிட் தேவதாஸ், திருவிதாங்கூர் தரப்பில் முன்னாள் திவான் வி.எஸ். சுப்பிரமணிய ஐயர் என இரண்டு நடுவர்கள் அமர்ந்தார்கள். தேவதாஸ் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். இருவரும் ஒத்த முடிவுக்கு வர முடியவில்லை. விஷயம் இறுதி நடுவரான சர் நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் போனது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதியான அவர், 1941 மே 12 அன்று திருவிதாங்கூருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். லோயர் கேம்ப் மின்நிலையம் 1950-களின் இறுதியிலேயே ஓடத் தொடங்கினாலும், மின்சாரம் எடுக்கும் உரிமைக்கு முறையான கையெழுத்து 1970 மே 29 உடன்படிக்கையில்தான் விழுந்தது. அப்போது வாடகையும் ஏக்கருக்கு 30 ரூபாயானது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது.

1941-ன் சங்கதியில் கவனிக்க வேண்டியது, இரு தரப்பும் நியமித்த இருவரும் பிரிந்து நின்றார்கள், முடிவு சொல்ல வெளியாள் ஒருவர் தேவைப்பட்டார் என்பதுதான். எழுபது ஆண்டுகள் கழித்து இதே அணைக்காக மறுபடியும் இரண்டு மாநிலங்கள் ஆளுக்கொருவரை நியமித்தபோது நடந்தது வேறு.

1979-ல் குஜராத்தின் மோர்வி அணை உடைந்து பெருநாசம் விளைந்த பிறகு கேரளத்தில் பெரியாறு அணை பற்றிய அச்சம் பரவியது. முழு அளவான 152 அடியிலிருந்து நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அணையின் தலைமேல் கான்கிரீட் தொப்பி, உள்ளே எஃகுக் கம்பி நங்கூரங்கள், பின்புறம் கான்கிரீட் தாங்குசுவர் எனத் தமிழகப் பொதுப்பணித் துறை ஆண்டுக்கணக்கில் வேலை செய்தது. வேலை முடிந்தபிறகும் மட்டம் ஏறவில்லை. இரண்டு உயர் நீதிமன்றங்களிலும் குவிந்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் எடுத்துக்கொண்டது. 2006 பிப்ரவரி 27 அன்று 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால், சி.கே. தக்கர், பி.கே. பாலசுப்பிரமணியன் ஆகியோர் அந்த அமர்வில் இருந்தார்கள். மூன்றாமவர் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து வந்தவர். தீர்ப்பு ஒருமனதானது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் 136 அடிக்கு மேல் தேக்கக் கூடாது என்று சட்டத்தைத் திருத்தியது. தமிழகம் அரசமைப்புச் சட்டத்தின் 131-வது பிரிவின்கீழ் மூல வழக்குத் தொடுத்தது. மாநிலத்துக்கு எதிராக மாநிலம் வழக்காட உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போகும் கதவு அது.

2010 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு உயர் அதிகாரக் குழுவை அமைத்தது. தலைவர் முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த். கேரளம் கே.டி. தாமஸை நியமித்தது. குழுவில் சேர முதலில் மறுத்த தமிழகம், பிறகு ஏ.ஆர். லட்சுமணனை நியமித்தது. சி.டி. தத்தே, டி.கே. மேத்தா என்ற இரு தொழில்நுட்ப வல்லுநர்களும் இருந்தார்கள். மூன்று நீதிபதிகளும் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். இந்த மூவரின் வாழ்க்கையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஒரு வரைபடம் தெரிகிறது.

தாமஸ் 1937-ல் கோட்டயத்தில் பிறந்தவர். அங்கே சி.எம்.எஸ். கல்லூரியில் படித்தவர், சட்டம் படிக்க வந்தது சென்னைக்கு. 1960-ல் வழக்கறிஞராகப் பதிவு செய்து சொந்த ஊரில் தொழில் நடத்தி, 1977-ல் நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதியானார். இது சிறிய செய்தி அல்ல. உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் உயர் நீதிமன்ற வழக்கறிஞர்களாக இருந்து நேரே நீதிபதியாகிறவர்கள். சாட்சிக் கூண்டில் நிற்கும் சாதாரண மனிதனின் முகத்தை அன்றாடம் பார்த்துத் தீர்ப்பு எழுதிப் பழகியவர்கள் அங்கே குறைவு. தாமஸ் அந்தப் படியிலிருந்து ஏறியவர். 1985-ல் கேரள உயர் நீதிமன்றம், 1996-ல் உச்ச நீதிமன்றம்.

தமிழ் வாசகர்களுக்கு அவர் பெயர் வேறொரு வழக்கில் நன்றாக நினைவிருக்கும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்திருந்தது விசாரணை நீதிமன்றம். 1999 மே 11 அன்று அதன்மீது தீர்ப்பளித்த மூவர் அமர்வுக்குத் தாமஸ்தான் தலைமை. நால்வரின் மரண தண்டனை உறுதியானது, மூவருக்கு ஆயுளாகக் குறைந்தது, மற்ற 19 பேரும் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார்கள். நால்வரில் ஒருவரான நளினிக்கு மரண தண்டனை வேண்டாம் என்று தாமஸ் மட்டும் மாறுபட்டு எழுதினார். தகப்பனும் தூக்குக்குப் போகிறான், தாயும் போனால் குழந்தை அநாதையாகும் என்பது அவர் கணக்கில் எடுத்த காரணங்களில் ஒன்று. பின்னாளில், இத்தனை ஆண்டுகள் சிறையில் வைத்த பிறகு தூக்கிலிடுவது முறையல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார். கைதிகளிடம் பெருந்தன்மை காட்டும்படி 2017-ல் சோனியா காந்திக்குக் கடிதமும் எழுதினார். தான் கையெழுத்திட்ட தீர்ப்பைப் பற்றி ஓய்வுக்குப் பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

லட்சுமணன் பாதை எதிர்த்திசையில் போகிறது. 1942-ல் தேவகோட்டையில் பிறந்தவர். பெரியாற்று நீரின் கடைமடையில் இருக்கும் சிவகங்கைச் சீமைக்காரர். 1990-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். அப்போது அங்கே தலைமை நீதிபதி, இதே ஏ.எஸ். ஆனந்த். பின்னர் கேரள உயர் நீதிமன்றத்துக்கு மாற்றலாகிப் போன லட்சுமணன், பொறுப்புத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 1999 ஜூலையில் கேரளம் முழுவதும் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்த தீர்ப்பு அவரும் நாராயண குருப்பும் அமர்ந்த அமர்விலிருந்து வந்தது. நாடு தழுவிய தடைக்கு முன்னோடி அதுதான். ராஜஸ்தான், ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றங்களில் தலைமை நீதிபதியாக இருந்துவிட்டு 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனார். 2007-ல் ஓய்வு. பிறகு சட்ட ஆணையத்தின் தலைவர். 2020 ஆகஸ்டில் காலமானார்.

ஆனந்த் 1936-ல் ஜம்முவில் பிறந்தவர். லண்டனில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு ஜம்மு காஷ்மீர் அரசமைப்பின் வளர்ச்சி பற்றியது. ஒரு மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும் உள்ள உறவை இளம் வயதிலேயே புத்தகமாக எழுதியவர் அவர். 1998 முதல் 2001 வரை இந்தியத் தலைமை நீதிபதி. காவலில் வைக்கப்பட்டவர்களின் உரிமைகளுக்கான டி.கே. பாசு வழக்கின் நெறிமுறைகள் அவர் பேனாவிலிருந்து வந்தவை. அணை வழக்கும் அவருக்குப் புதிதல்ல. 2000 அக்டோபரில் சர்தார் சரோவர் அணையை உயர்த்த அனுமதித்த நர்மதைத் தீர்ப்பில் பெரும்பான்மைப் பக்கம் நின்றவர். அந்தத் தீர்ப்பில் இடம்பெயர்ந்த பழங்குடி மக்களுக்குப் போதிய இடம் இல்லை என்ற விமர்சனத்தை நான் ஏற்கிறேன். அதனாலேயே அவரை ஒரு பக்கம் சாய்ந்தவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெரிய அணைகள்மீது அவருக்கு இருந்த நம்பிக்கையையும் மறைக்கக் கூடாது.

ஆக, கேரளத்தின் உறுப்பினர் சென்னையில் சட்டம் படித்தவர், தமிழகத்தின் உறுப்பினர் கேரள உயர் நீதிமன்றத்தை நடத்தியவர், தலைவர் ஜம்முவிலிருந்து வந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தவர். யாரும் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு அல்ல இது. இந்திய உயர் நீதித்துறையில் ஒருவர் மேலே ஏறும் வழியே இப்படி மாநில எல்லைகளைக் கடந்து போகிறது.

குழு அணையை நேரில் பார்த்தது. மத்திய அரசின் ஆய்வு நிலையங்களைக் கொண்டு அணையின் உடலைத் துளையிட்டும் நீருக்கடியில் படமெடுத்தும் சோதித்தது. 2012 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது. வெள்ளம், கட்டுமானம், நிலநடுக்கம் ஆகிய மூன்று கோணத்திலும் அணை பாதுகாப்பானது என்பது அதன் முடிவு. இரு மாநிலங்களும் ஒத்துக்கொண்டால் புதிய அணை, அல்லது அவசரத்தில் நீரை வடிக்கத் தாழ்வான மட்டத்தில் புதிய சுரங்கம் என்ற வழிகளையும் அது திறந்தே வைத்தது. அணை பாதுகாப்பானது என்ற முடிவில் கேரளம் அனுப்பிய தாமஸும் சேர்ந்தே நின்றார். தன் மாநிலத்தின் நிலையைக் காக்கவில்லை என்ற பழி அங்கே அவர்மீது எழுந்தது.

அந்தப் பழியின் கனத்தைப் புரிந்துகொள்ள 2011 டிசம்பரை நினைக்க வேண்டும். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரமாயிரம் பேர் குமுளி மலைச்சாலையை நோக்கி நடந்தார்கள். எல்லை அடைபட்டது. இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி வந்தார்கள். அணைக்குக் கீழே வல்லக்கடவிலும் வண்டிப்பெரியாற்றிலும் இருக்கிறவர்களில் கணிசமானோரும் தமிழ்த் தொழிலாளர்கள்தான். அவர்களுடைய இரவு நேர அச்சமும் உண்மையானது, பள்ளத்தாக்கின் வாய்க்கால் வறட்சியும் உண்மையானது. இரு பக்கமும் அப்படிக் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், சான்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகிறேன் என்று கோட்டயத்து வீட்டுக்காரர் ஒருவர் முடிவெடுத்தார். நியமனம் செய்த அரசுக்கு அவர் வழக்கறிஞர் அல்ல என்பது சட்டப்படி எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அதன்படி நடந்து, பிறகு அதே ஊரில் வாழ்வது வேறு. பென்னிகுயிக்குக்கு நன்றி சொல்லத் தெரிந்த பள்ளத்தாக்கு தாமஸுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் நமக்குச் சாதகமாக முடிவு சொன்னதற்காக அல்ல, பாதகமாகச் சொல்ல வேண்டியிருந்தால் அதையும் சொல்லியிருப்பார் என்பதற்காக.

2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. எழுதியவர் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா. ஒரு நீதிமன்றம் தீர்த்துவைத்த பிரச்சினையை, அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காகச் சட்டமன்றம் சட்டம் போட்டு அழிக்க முடியாது என்பது அதன் மையம். 1886 குத்தகை செல்லும் என்றும் சொன்னது. மேற்பார்வைக் குழு ஒன்றையும் அமைத்தது. அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அணை 142 அடியைத் தொட்டது.

இந்த ஐவரில் தமிழகத்தைச் சேர்ந்தவரும் இல்லை, கேரளத்தைச் சேர்ந்தவரும் இல்லை. ஆனால் எச்.எல். தத்து உச்ச நீதிமன்றத்துக்கு வருமுன் கேரள உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி. எம்.ஒய். இக்பால் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி. கர்நாடகக்காரர் ஒருவர் எர்ணாகுளத்தையும், ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒருவர் சென்னையையும் உள்ளிருந்து பார்த்துவிட்டு ஒரே மேடையில் அமர்ந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 முதல் இயங்குகிறது. தேனி மாவட்டத்தின் ரிட் மனுக்கள் அங்கேதான் போகின்றன. சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தவருக்கு இந்தப் பக்கத்து வயலும் வாய்க்காலும் வெறும் கோப்புப் பெயர்களாக இருந்திருக்காது.

நீதிபதிகளை மாநிலம் விட்டு மாநிலம் மாற்றுவது நல்லதுதான் என்று இதை வைத்து ஒரேயடியாகச் சொல்லிவிட முடியுமா? வரலாறு தடுக்கிறது. நெருக்கடி நிலையின்போது 1976-ல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் 16 பேர் அவர்கள் சம்மதமின்றி மாற்றப்பட்டார்கள். அரசுக்குப் பிடிக்காத தீர்ப்புக்குத் தண்டனையாகவே நாடு அதைப் பார்த்தது. குஜராத்தின் நீதிபதி சங்கல்சந்த் சேத் அதை எதிர்த்து வழக்காடினார். மாற்றும் அதிகாரம் இப்போது மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்தின் கையில் இருக்கிறது, காரணம் வெளியில் முழுமையாகத் தெரிவதில்லை. ஒரு நீதிபதியின் சூட்கேஸ் எந்த ஊருக்குப் போகிறது என்பதை அவர் எழுதிய தீர்ப்பு முடிவு செய்யுமானால், அது பயணமல்ல, நாடு கடத்தல். லட்சுமணன் தலைமையிலான சட்ட ஆணையம் இதற்கு மறுபக்கத்தையும் காட்டியது. அதன் 2009-ம் ஆண்டு 230-வது அறிக்கை, உறவினர்கள் வழக்காடும் அதே உயர் நீதிமன்றத்தில் ஒருவரை நீதிபதியாக்குவதில் உள்ள கெடுதலைப் பேசுகிறது. சொந்த ஊரில் நீதிபதியாகத் தொடங்கி நான்கு உயர் நீதிமன்றங்களைப் பார்த்தவரின் பரிந்துரை என்பதால் அதற்கு எடை அதிகம்.

இன்னொரு ஆட்சேபம் ஓய்வு பற்றியது. அமெரிக்காவின் ஒன்றிய மேல்முறையீட்டு நீதிபதிகள் ஆயுள்காலப் பதவி வகிக்கிறார்கள். இங்கே உயர் நீதிமன்றத்தில் 62, உச்ச நீதிமன்றத்தில் 65 வயதோடு முடிகிறது. பிறகு ஆணையம், தீர்ப்பாயம், குழு என்று அரசு தரும் பதவிகளை எதிர்பார்க்கும் நிலை வரலாம் என்ற கவலை நியாயமானது. ஆனால் பெரியாறு போன்ற ஒரு வேலைக்கு, இனி எந்தப் பதவி உயர்வும் தேவைப்படாத, முப்பது ஆண்டு விசாரணை அனுபவமுள்ள ஒருவர் மாதக்கணக்கில் அமர வேண்டியிருக்கிறது. பணியில் இருக்கும் நீதிபதிக்கு அந்த நேரம் கிடைக்காது. அரசு நியமிப்பதற்கும் நீதிமன்றம் நியமிப்பதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது என்று தோன்றுகிறது. இங்கே பெயரைச் சொன்னது மாநிலங்கள், குழுவை அமைத்ததும் அறிக்கையை வாங்கியதும் நீதிமன்றம்.

வழக்கு இன்னும் ஓயவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சில நாள்கள் 139 அடி அளவில் வைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2022 ஏப்ரலில் ஏ.எம். கான்வில்கர், அபய் ஓகா, சி.டி. ரவிக்குமார் அமர்வு, மேற்பார்வைக் குழுவில் இரு மாநில வல்லுநர்களையும் சேர்த்து அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் அதிகாரங்களை அதற்குக் கொடுத்தது. ரவிக்குமாரும் கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தவர்தான். பெரிய அணையை ஒட்டிய சிறிய பேபி அணையைப் பலப்படுத்தும் வேலையோ, வெட்ட வேண்டிய சில மரங்களுக்கான அனுமதியில் ஆண்டுக்கணக்கில் சிக்கிக் கிடந்தது.

ஒவ்வொரு முறையும் விவசாயச் சங்கத்தாரும் அதிகாரிகளும் கோப்பைத் தூக்கிக்கொண்டு டெல்லிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. கம்பத்திலிருந்து அது 2,500 கிலோமீட்டருக்கு மேல். சட்ட ஆணையத் தலைவராக லட்சுமணன் 2009 ஆகஸ்டில் கொடுத்த 229-வது அறிக்கை இதற்கு வழி சொன்னது. அரசமைப்பு வழக்குகளுக்கு டெல்லியில் ஒரு அமர்வு, மேல்முறையீடுகளுக்கு நான்கு திசைகளிலும் நான்கு அமர்வுகள், தெற்குக்குச் சென்னையிலோ ஹைதராபாத்திலோ ஒன்று. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சென்னை, மும்பை, கொல்கத்தாவில் அமர்வுகளோடு தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் வேண்டும் என்று தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கை, தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர் அமர்வு 2016 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. பெரியாறு வழக்கு மாநிலங்களுக்கு இடையிலானது என்பதால் அது டெல்லியிலேயே நடக்க வேண்டியிருக்கும். ஆனால் தெற்குக்கு ஒரு அமர்வு அமைந்தால், உத்தமபாளையத்தில் தொடங்கி மதுரைக் கிளையில் தோற்கும் ஒரு நில வழக்கு, ஒரு வாய்க்கால் வழக்கு, ஒரு குத்தகை வழக்கு சென்னையோடு நிற்க முடியும். தேவகோட்டைக்காரர் விட்டுப்போன அந்த அறிக்கையைக் கையில் எடுத்துப் பேச, தேனி, பெரியகுளம், உத்தமபாளையம் வழக்கறிஞர் சங்கங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.